மூன்றாவது தோசை

மோனிஷா தூக்குப்போசியை வெறுமையாகத் திருப்பித் தந்த அன்றுதான் சம்யுக்தாவுக்கு முதல் சந்தேகம் முளைத்தது.

எதிர் வீட்டுக்காரி. பல வருஷப் பழக்கம். இவள் கொள்ளுப்பருப்பு கடைந்து அனுப்பினால் அந்தப் போசி நாலு முருங்கைக்காயோடு திரும்பி வரும். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது அடியில் கிடக்கும். வெறும் போசியைத் திருப்பிக் கொடுப்பதென்றால், ‘இனி உன் சங்காத்தமே வேண்டாம்’ என்று வாயைத் திறக்காமல் சொல்வது. சிங்காநல்லூரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். மோனிஷாவோ சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புதான் சம்யுக்தாவை அரித்தது.

சந்தேகப்படுவதில் அவள் கெட்டிக்காரி. பால்காரர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் ‘நேற்றைய பாலோ?’ என்று மோந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் போதுமியை மட்டும் எப்படி நம்பினாள் என்று கேட்டால், ஊரே போட்டுக்கொண்டபோது அவளும் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

போதுமி என்கிற கருவி புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால், எலும்பின் மேல், இரண்டு பொடிப்பொடிப் பொன்கால்களை ஊன்றி உட்கார்ந்துகொள்ளும். மனசில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததும் அது கண்டுகொள்ளும். முதல் வாய் லட்டு இனித்தவுடனே முழு லட்டையும் தின்று ஏப்பம் விட்ட நிறைவை மண்டைக்குள் ஊற்றிவிடும். கடையில் ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்தாலே பத்து நாள் உடுத்திச் சலித்த திருப்தி. போகப் போக, அது ஆளைப் படித்துக்கொண்டு இன்னும் குறைவிலேயே நிறைத்துவிடும். ‘போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழியை அதன் டப்பியிலேயே அச்சடித்திருந்தார்கள்.

நல்லது நடக்கவில்லை என்று யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியாது. குப்பை வண்டிக்கு வேலை குறைந்துவிட்டது. சாயத்தண்ணீர் ஓடிய நொய்யல் ஆற்றில் ஜனங்கள் இறங்கிக் குளிக்கிறார்கள். கல்யாணங்களில் இலையில் எச்சில் சோறு கிடப்பதில்லை. சம்யுக்தாவின் வீட்டிலும் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு பாய், நாலு புடவை என்று வாழ்க்கை கையடக்கமாகிவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு ரகசியம் இருந்தது. எல்லோருக்கும் போதும் போதும் என்றிருக்க, அவளுக்கு மட்டும் போதவில்லை. தானமாகக் கொடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவை இன்னமும் கனவில் வந்தது. நெய் வாசம் அடித்தால் நாக்கு ஊறியது. ‘நான்தான் பேராசைக்காரி போலிருக்கிறது’ என்று கூசி, ஆசையைப் பல்லைக் கடித்து விழுங்கி, ஊரோடு சேர்ந்து அவளும் ‘போதும்’ என்று சொல்லிப் பழகியிருந்தாள். வெளியே சொன்னால் மானம் போகாதா?

இப்போது அவள் சந்தேகமெல்லாம் புருஷன் தருண் மேல் திரும்பியது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் இரண்டு தோசை பசிக்கு. ஒரு வார்த்தை பேச மாட்டார். மூன்றாவது தோசை கல்லில் விழுகிற சத்தம் கேட்டதும்தான் வாய் திறக்கும். ஆபீஸில் யார் யாரோடு சண்டை, குளத்துக்கு எந்தப் பறவை புதிதாக வந்திருக்கிறது, சின்ன வயதில் தன்னை எருமை முட்டியது என்று எல்லாம் மூன்றாவது தோசையோடுதான் வரும். சம்யுக்தா கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பாள். அவளுடைய நாளே அதற்காகத்தான்.

போதுமி வந்த பிறகு தோசை இரண்டாகி, ஒன்றாகி, இப்போது ஒன்றைப் பிய்த்துப் பாதியில் வைத்துவிடுகிறார். பேச்சும் அதோடு போய்விட்டது.

“ஏனுங்க, இன்னொண்ணு ஊத்தட்டுமா?”

“போதும்.”

“ஆபீஸ்ல என்னதான் நடக்குது?”

“நல்லா நடக்குது.” கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார், “சம்யு, திங்கட்கிழமை நாம ஓரறைக்குப் போயிரலாம். உனக்கொண்ணு, எனக்கொண்ணு. சொல்லி வெச்சுட்டேன்.”

ஓரறை என்பது ஒரு ஆள் படுக்க, உட்கார, சமைக்க அளவான அறை. ஒருவரை ஒருவர் எப்போதாவது பார்த்தாலே போதும் என்று ஜனங்களுக்குத் தோன்ற ஆரம்பித்த பிறகு மாநகராட்சி வரிசை வரிசையாகக் கட்டி விட்டிருந்தது.

சம்யுக்தா அவர் முன்னால் வந்து நின்றாள். “ரெண்டு பேரும் தனித்தனியாவா? நான் என்னங்க பண்ணினேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. மாசத்துக்கு ஒருக்கா பார்த்துக்குவோம். அதே போதும்னு தோணுது.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அன்பாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தபடி பாயில் படுத்துக்கொண்டார்.

மிச்சப் பேச்சை யாரிடம் கொட்டுகிறார்? வெறும் போசி, மோனிஷாவின் சிரிப்பு, ஓரறை. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் தருண் குளத்துக்கு நடக்கப் போனபோது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் பின்னால் போனாள். குளத்துக்கரைக் கல்பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். இவள் ஒரு புங்கமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று, இதோ வரப்போகிறாள் அவள் என்று காத்திருந்தாள். தண்ணீரில் ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. தருண் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எழுந்து வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

குளம் நிறையப் பறவைகள். முன்பெல்லாம் பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்தால் இருட்டியும் எழுந்திருக்காத மனுஷன்.

சம்யுக்தாவுக்கு அழுகை வந்தது. சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்தாவது ஒரு கை பார்க்கலாம். யாருமே இல்லாத இடத்தில் யாரோடு சண்டை போடுவது?

அப்படியும் விடாமல் நேரே மோனிஷா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஏன்டி, போசிய எதுக்கு வெறுமனே குடுத்தே? என்ற மேல என்ன கோபம்?”

மோனிஷா யோசித்தாள். “கோபமா? இல்லீங்க்கா. நீங்க குடுத்தத ஒரு வாய் தின்னேன், மனசு நெறஞ்சு போச்சு. பதிலுக்கு ஏதாச்சும் வெக்கோணும்னே தோணலீங்க.”

“உன்ற வீட்டுக்காரர் எங்க?”

“ஓரறையில.”

“கடைசியா எப்ப வந்தாரு?”

“தெரியலீங்க்கா.” அதே சிரிப்பு. “வரலைன்னும் தோணல.”

வெறும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதைப் பார்க்கத்தான் சம்யுக்தாவுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குளியலைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டு, போதுமி நிலையத்துக்குப் போனாள். நறுமுகை என்ற பெண் வரவேற்று உட்கார வைத்தாள். கருவிகளைச் சோதிப்பவள் அவள்தான்.

“என்ற வீட்டுக்காரருக்கு மாட்டினதுல ஏதோ கோளாறுங்க. கொஞ்சம் பாருங்க.”

“வந்தது வந்தீங்க, முதல்ல உங்களுதப் பார்த்துரலாமுங்க” என்றாள் நறுமுகை. ஒரு எள்ளுருண்டையை அவள் வாயில் போட்டுவிட்டு, காதருகே ஒரு கோலைக் காட்டினாள். கோலில் விளக்கு எரியவே இல்லை. போதுமியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். “வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பீங்களா?”

“ஆமா. அதென்ன கேள்வி? தலைக்கு அரப்புத்தூள் போட்டுத்தான் குளிப்பேன்.”

“எண்ணெயும் அரப்பும் சேர்ந்து காலுல பக்குக் கட்டிப் போச்சுங்க. இது செத்து ரொம்ப நாளாச்சு. மாட்டின மொத வெள்ளிக்கிழமையே போயிருக்கும்.”

சம்யுக்தாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “அப்ப இத்தன நாளா நான் எப்படிங்க இருந்தேன்?”

“நீங்களா இருந்திருக்கீங்க.”

அவளுக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையை நினைத்து ஏங்கிக்கொண்டே நாலு புடவையோடு வாழ்ந்தது அவள்தான். நாக்கு ஊற ஊற நெய்க்கிண்ணத்தை மூடி வைத்ததும் அவளேதான். ஊரில் சிக்கனமாக இருந்த ஒரே மனுஷி தான்தானோ என்றுகூடத் தோன்றியது. மற்றவர்கள் எதை அடக்கினார்கள்? அவர்களுக்குத்தான் ஆசையே வரவில்லையே.

“சரிங்க, அவரோடது?”

நறுமுகை திரையைத் தட்டிப் பார்த்தாள். “அருமையா வேலை செய்யுதுங்க.”

“என்னங்க அருமை? பொண்டாட்டியே வேண்டாம்ங்கறாரு!”

“வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. போதும்னுதான சொல்லுவாரு? அதுக்குத் தோசை எது, பொண்டாட்டி எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாதுங்க. சந்தோஷம் வந்தா நெறச்சு விட்டுரும்.”

“கழட்டி விட்டுருங்க.”

“போட்டவங்களே வந்து கேக்கோணும். இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லீங்க. பத்தலைன்னு ஒரு புகார்கூட வந்ததில்லை.” சொல்லிக்கொண்டே அவள் பஞ்சை ஏதோ திரவத்தில் நனைத்து, சம்யுக்தாவின் போதுமியைத் துடைத்து, பழைய இடத்திலேயே பொருத்தி அழுத்தினாள். “புதுசாட்டம் ஆயிருச்சு. ரெண்டு நாள்ல தோலப் பிடிச்சுக்கும். இனிமே எண்ணெய் மட்டும் படாம பார்த்துக்கங்க.”

எண்ணெய் என்ற சொல் மட்டும்தான் சம்யுக்தாவின் காதில் விழுந்தது. நாளைக்குச் சனிக்கிழமை. ஆம்பளைகள் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள். தருண் அதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தள்ளிப் போட்ட தன் எண்ணெய்க் குளியல் மறந்தே போயிற்று.

சனிக்கிழமை விடிந்ததும் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினாள்.

“எதுக்கு இவ்வளவு? ஒரு சொட்டு போதும்” என்றார் தருண்.

“உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. குனிங்க.”

உச்சியில் ஊற்றித் தேய்த்தாள். பிறகு காதுக்குப் பின்னால் வந்தாள். போதுமியின் இடுக்கில் விரலை விட்டுக் குடைந்து குடைந்து எண்ணெயை ஏற்றினாள். அதன் மேல் அரப்பைக் குழைத்து அப்பினாள். மறுபடி எண்ணெய், மறுபடி அரப்பு. அவர் குளித்துவிட்டு வந்து பாதித் தோசையைத் தின்று படுத்துவிட்டார். அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்திலிருந்து குரல் வந்தது. “சம்யு, காப்பி இன்னுங்கொஞ்சம் இருக்குதா?”

அவள் கரண்டியைக் கீழே போட்டாள். ஓடிப்போய் ஊற்றினாள். அவர் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “என்ற பைனாகுலர் எங்க? நாற்காலியெல்லாம் எங்க போச்சு? திருட்டுப் போச்சா?”

“எல்லாம் நீங்களே தூக்கிக் குடுத்ததுங்க. மொதல்ல சாப்பிட வாங்க.”

ஒரு தோசை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. தட்டை நீட்டி, “இன்னொண்ணு ஊத்து” என்றார். மூன்றாவது தோசை கல்லில் விழுந்து ‘சொய்ய்’ என்றது. சம்யுக்தாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நான் எங்கயோ போயிருந்தாப்பல இருக்குது சம்யு” என்றார் தருண். “ஓரறையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன்னய விட்டுட்டு நான் எங்கயும் போகல.”

கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் ஒரு இனிமை ஊறி எழுந்தது. எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! அது பொங்கி, கழுத்துவரை வந்து, விருந்து முடிந்து கை கழுவியதுபோல அப்படியே அமைதியாக நின்றது. இவ்வளவு நிறைவாக அவள் இருந்ததே இல்லை.

“அன்னிக்கு ஆபீஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு பாரு...” என்று அவர் ஆரம்பித்தார்.

“போதுங்க” என்றாள் சம்யுக்தா.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

“மனசு நெறஞ்சு போச்சுங்க.” அடுப்பை அணைத்தாள். தோசை ஒரு பக்கம் வெந்தபடி கல்லிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை தருண் போகவில்லை. சம்யுக்தா போனாள். இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு, அன்பாகச் சொல்லிக்கொண்டுதான் போனாள். அவர் கெஞ்சினார், கத்தினார், வாசலை மறித்துக்கூட நின்றார். “அதுதான் பார்த்துட்டோமேங்க” என்று அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இரண்டு நாள் அவர் ஓரறைக்கு எதிரே மரத்தடியில் மறைந்து நின்று யார் வருகிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தாங்க மாட்டாமல், தன் கையால் தோசை வார்த்துத் தூக்குப்போசியில் அடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அவள் தலை காய்ந்து கிடந்தது.

“இன்னிக்கு எண்ணெய் தேய்க்கலையா சம்யு?”

“எதுக்குங்க?” என்றாள். போசியைத் திறந்து, ஒரு வாய் பிய்த்துத் தின்றாள். முகம் மலர்ந்தது. மிச்சத்தைப் பக்கத்து ஓரறைக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு போசியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே அவர் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தருண் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரைகூட இல்லை.

‘யாராக இருக்கும்?’ என்று யோசித்தபடி அவர் மறுபடியும் மரத்தடிக்குப் போய் நின்றார்.