பெரணிச் சுருள் பறித்த இடம்

டெல்பின் வீட்டில் வெர்னா உட்காரவே இல்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெளியே செயின்ட் ஜான் ஆறு கரையைத் தின்றபடி ஓடியது. மரம் அறுக்கும் ஆலைக்குக் கீழே, வளைவில் நிற்கும் பெரிய எல்ம் மரம் ஒரு வாரமாக இடுப்பளவு நீரில் இருந்தது.

"சாயங்காலம் போலீஸ் வந்து இவரைக் கூட்டிட்டுப் போயிடும், டெல்பின் அக்கா! ஆத்துல கட்டியிருந்த ஆலைக் கட்டைங்களோட கயித்த இவர் அறுத்துவிட்டாராம். கட்டையெல்லாம் கூரை போட்ட மரப் பாலத்துல போய் மோதிடுச்சு. விடியக்காலம் எங்க இருந்தீங்கன்னு கேட்டா, வாயே திறக்கலை."

அவள் கணவன் ஹேசன் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"ஆலை மேஸ்திரியோட சண்டை போட்டவர்தானே? இவர்தான் அண்ணி!" என்றான் மரே. அவனுக்கு எதிலும் அவசரம்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரியான டெல்பின் கொழுந்தனைக் கையமர்த்தினாள். ஹேசனின் கம்பளிச் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பழுப்புச் செதிலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, மேஸ்திரி லார்னை அழைத்துவரச் சொன்னாள்.

போன வருடம்தான் நகரத்திலிருந்து வந்தவர் லார்ன். அறுந்த கயிற்றின் நுனியோடு வந்தார்.

"நானே பார்த்தேன்மா. வளைவுல, பெரிய எல்ம் மரத்தடியில கறிக்குப் பெரணிச் சுருள் பறிச்சுட்டிருந்தேன். இவன் கத்தியோட படகுல போனான்."

"மரே, நீ சுருள் எங்க பறிப்பே?" என்றாள் டெல்பின்.

மரே துள்ளி எழுந்தான். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி? சொல்ல மாட்டேன்!"

"கேட்டீங்களா, லார்ன்? இந்த ஊர்க்காரங்க சுருளைச் சமைச்சுப் போடுவாங்க, பறிக்கற இடத்தைச் சொல்ல மாட்டாங்க. நீங்களோ யாரும் கேக்காமலே எந்த மரத்தடின்னுகூடச் சொல்றீங்க. அந்த மரத்தடியில இப்ப மீன்தான் பிடிக்கலாம்."

லார்ன் அப்போதுதான் சன்னல் வழியே வளைவைப் பார்த்தார்.

"ஹேசன் சட்டையில இருக்கறது சுருளை மூடியிருக்கற செதில். ஈரம்கூடக் காயலை. விடியக்காலம் சுருள்தான் பறிச்சுட்டிருந்தார்; இடம் தெரிஞ்சுடும்னு வாய் திறக்கலை. இந்தக் கயிறு நுனிக்கு முன்னால இழுபட்டு இளைச்சிருக்கு. பாரம் தாங்காம தானா அறுந்தது. வெள்ளத்துக்கு ரெட்டைக் கயிறு கட்டணும். நீங்க கட்டலை. அப்புறம் நுனியைக் கத்தியால நறுக்கி, பழியை இவர் தலையில கட்டினீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தீங்க."

லார்ன் நாற்காலியில் சரிந்தார். "வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்றார்.

வெர்னா அழுதுகொண்டே கணவனின் தோளில் குத்தினாள். "ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டீங்களா? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

ஹேசன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"நீ உன் தங்கச்சிகிட்டச் சொல்லிடுவே."