இரண்டாவது அளவு

பெட்டியில் இருந்த இரண்டாவது சூடாக இருந்தது.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. வேலையிலிருந்து வந்து, நனைந்த குடையைக் குளியலறையில் விரித்து வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பகலெல்லாம் பிராவின் இடது பக்கத்துக்குள் வைத்திருந்த முதலாவதை எடுத்துத் துடைத்தாள். பிறகு அதை அதன் குழியில் வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். முதலாவது இளஞ்சூடாக இருந்தது. அது சரிதான், உடம்போடு ஒட்டிக் கிடந்த பொருள். அதை வைக்கும்போது பக்கத்துக் குழியில் இருந்த இரண்டாவதன் மேல் புறங்கை பட்டது. அதே சூடு. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுப் போனது போன்ற சூடு.

இரண்டாவதை அவள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காலையிலிருந்து மழை, ஒரு பொட்டு வெயில் இல்லை. வீட்டில் யாரும் இல்லை.

போன வருஷம் அவளுடைய இடது மார்பைப் புற்றுநோய் என்று எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றி முடித்தாயிற்று. கொட்டிய முடி இப்போதுதான் பல் தேய்க்கும் பிரஷ் போல முளைத்து நிற்கிறது. இனி இடது பக்கத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, உள்ளே ஒரு சிலிக்கான் மார்பை வைத்துத் தைக்க வேண்டும். எவ்வளவு விரிப்பது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அளவு தெரிய வேண்டும். அதற்காகத்தான் டாக்டர் இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். வெல்வெட் துணி போட்ட இரண்டு குழிகள், அவற்றில் வெளியே வைத்துப் பார்க்க இரண்டு மாதிரி மார்புகள்.

"ஒண்ணாவது உங்க வலது பக்கத்துக்குச் சமமா இருக்கும்மா," என்றார் டாக்டர். "ரெண்டாவது நல்ல பெரிசு. அது வேணும்னா வலது பக்கத்தையும் லேசாத் திறந்து உள்ள ஒண்ணு வெச்சு சமமாக்கிடலாம். ரெண்டையும் வீட்டுல போட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு அவளைத் தாண்டி அவளுடைய கணவனைப் பார்த்தார். "சார் என்ன நினைக்கிறீங்க?"

சார் கூச்சத்தோடு சிரித்தார். இரண்டு பேரும் அவளுடைய நெஞ்சைப் பற்றி, புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஜன்னல் எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். வலது பக்கம். ஒரு கட்டியும் இல்லாத, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத வலது பக்கம். அதையும் லேசாகத் திறப்பார்களாம்.

கணவன் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள். "நீ ரெண்டாவதை எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? எனக்கா பொருந்தும்?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுக் குரலை இறக்கினான். "இங்க பாரு குருவி, எடுத்த எடுப்புல வேணாம்னு சொல்லாம ஒரு தடவை போட்டுத்தான் பாரேன். உனக்காகத்தான் சொல்றேன்."

குருவி என்பது கல்யாணமான புதிதில், அவளுடைய ஒல்லி உடம்பைப் பார்த்து அவன் வைத்த பெயர். அப்போது அதில் கொஞ்சல் மட்டும்தான் கேட்டது.

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும்."

"அதான் கேக்கறேனே."

"நீ கேக்கல. சொல்றே."

அவன் டி.வி. ரிமோட்டைத் தேடத் தொடங்கினான்.

கேட்பதுதான் அவளுடைய தொழில். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் கண் பரிசோதனை செய்கிறாள். எதிரே உட்கார்ந்தவரின் மூக்கில் கனத்த சோதனை ஃப்ரேமை மாட்டி, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்பாள். "அவசரமே இல்லை. நிதானமா பாருங்க. ஒண்ணாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" முக்கால்வாசிப் பேர் இன்னொரு தடவை காட்டச் சொல்வார்கள். காட்டுவாள். வேண்டாம் என்ற வில்லையை ரேகை படாமல் விளிம்போடு இரண்டு விரலால் பிடித்து எடுத்து, பெட்டியில் அதன் குழியிலேயே திரும்ப வைப்பாள்.

மறுநாள் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் மகள் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். "ரெண்டாவதே போடுங்க, அதுதான் நல்லாருக்கும்."

"யாரு போட்டிருக்காங்களோ அவங்கதான் சொல்லணும்," என்றாள் இவள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அந்தப் பெண் ஃப்ரேமுக்குள்ளிருந்து அவளையே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது இரண்டாவது மறுபடியும் சூடாக இருந்தது. தூக்கினாள். வெல்வெட்டிலிருந்து அது பிரியும்போது, ஈரத் தோல் தோலிலிருந்து விடுபடுவதைப் போல மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. பவுடர் வாசனையும் அடியில் வியர்வை வாசனையும் வந்தன. உட்புறத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அவள் அதை இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளத்தையும் தாண்டி. கறுப்பு முடி, நுனியில் ஒரு சுருள்.

இந்த முறை அவளுக்குச் சந்தேகமே இல்லை. கணவன் செருப்பைக் கழற்றும் முன் அந்த முடியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"யாருடா அவ?"

"எவ?"

"நான் கடைக்குப் போனதும் இங்க வந்து, என் ரூம்ல நின்னு, என் பெட்டியைத் திறந்து போட்டுப் பாக்கறவ."

அவன் முடியை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். அவன் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது, பிரியம். "ஏய், இது உன் முடிடி. நுனியைப் பாரு. பழைய சீப்புல ஒட்டியிருந்திருக்கும்."

நுனிச் சுருள் அவளுடையதுதான். ஆனால் வீட்டில் இருந்த சீப்புகளையெல்லாம், முடி கொத்துக் கொத்தாக வரத் தொடங்கிய வாரமே அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். அன்று படுக்கையில் புரளும்போது பார்த்தாள். அவன் அந்த முடியை எறியவில்லை. சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தான்.

அடுத்த நாள் மத்தியானம், கையில் ஒரு வில்லையோடு இருந்தபோது கைப்பேசி அடித்தது. கணவனின் அக்கா.

"சொல்லுங்க அண்ணி."

"இப்பதாம்மா உன் வீட்டுல இருந்து வந்து இறங்கறேன். மனசு நிறைஞ்சு போச்சு, அதான் உடனே போன் போட்டேன்."

"எங்க வீட்டுல இருந்தா?"

"நல்லா கேட்டே போ! டீ போட்டுக் குடுத்தே, அதைப் போட்டும் காட்டினே. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா, வெக்கறதே வெக்கறே, கொஞ்சம் தாராளமாத்தான் வெச்சுக்கயேன்னு? இவ்ளோ கஷ்டத்துல ஒரு லாபமாவது மிஞ்சட்டுமே. அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே. இன்னிக்கு எவ்ளோ தன்மையாப் பேசினே! 'நீங்க சொன்னா சரிதான் அண்ணி'ன்னே. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அந்த விக்கும் நல்லாருக்கு, நெஜ முடி மாதிரியே."

"அண்ணி, நான் கடையில இருக்கேன். காலையில இருந்து இங்கதான் இருக்கேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "போடி, உனக்கு எப்பவும் விளையாட்டுதான்."

அவள் வில்லையைக் கீழே வைத்தாள். கண்ணாடியில் அவளுடைய கட்டை விரல் ரேகை பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே எல்லாம் வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தது. நாற்காலிகள் மேஜைக்கடியில் தள்ளியிருந்தன. அவள் காலையில் போட்டுவிட்டுப் போன துண்டு மடித்திருந்தது. சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள், அடியில் இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நல்ல மருமகள் வாழ்கிற வீடு. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை வெட்டினார்கள், மருந்தால் எரித்தார்கள், வாந்தியெடுத்து வாந்தியெடுத்து அவள் பிழைத்து வந்தாள், அதெல்லாம் இப்படிக் கோப்பை கவிழ்த்து வைக்கிற ஒருத்திக்கு இடம் விடுவதற்காகவா?

பெட்டியைத் திறந்தாள். இரண்டாவதைப் பிடித்துத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள். பையைத் தாண்டியும் அது சுட்டது. படியிறங்கும்போது கையில் ஒரு துடிப்பு. தன் விரலின் துடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள். விரல்களைத் தளர்த்திப் பார்த்தாள். துடிப்பு நிற்கவில்லை. அவளுடையதைவிட நிதானமாக, தூங்குகிற யாரோ ஒருத்தியின் நாடியைப் போல, அது பாட்டுக்குத் துடித்தது.

தெருமுனைக் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து, பையை அடிவரைக்கும் அழுத்தினாள். முழங்கை வரை அழுக்கு. மழை வலுத்தது.

"எனக்கு ஒண்ணாவது போதும்," என்று தொட்டிக்குள் பார்த்துச் சொன்னாள். "கேட்டுச்சா? என் உடம்பு. நான் சொல்றேன்."

அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் சொன்னதும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. திரும்பி நடக்கும்போது ஏறக்குறைய சிரித்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வாசலில் கணவனின் குடை சொட்டிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டான் போல. அவனுடைய செருப்பு. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு பெண்ணின் செருப்பு, ஈரமாக. இடது வார் அறுந்து, வேறு நிற நூலால் தைத்தது.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

அதே செருப்பு அவள் காலில் இருந்தது. அதே வார். அதே நூல்.

படுக்கையறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. பெண் குரல். பொறுமையான குரல். தினமும் அவள் வாயிலிருந்து வருகிற குரல்.

"அவசரமே இல்லை. நிதானமா பாருங்க."

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அதுதான் அவளை அறை வாசல் வரை இழுத்துக்கொண்டு போனது.

டிரெஸ்ஸிங் டேபிளின் முன்னால் கணவன் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் ஒரு கண்ணை மூடியிருந்தான். பக்கத்தில் ஒருத்தி நின்றாள். இடுப்பு வரை முடி. அவளுடைய வீட்டு உடுப்பு, நெஞ்சின் இரு பக்கமும் இறுகி. உடுப்பின் விளிம்பில் குப்பைத்தொட்டி அழுக்கு. முகம் அவளுடைய முகம். நோய் வருவதற்கு முன்னால் இருந்த, கன்னம் ஒட்டாத முகம்.

அந்த இன்னொருத்தி விரலை நீட்டி வாசலைக் காட்டினாள். "ஒண்ணாவதா?"

விரலைத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தாள். "ரெண்டாவதா?"

கணவன் வாசலைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முயல்கிறவனைப் போலக் கண்ணை இடுக்கினான்.

"டேய், நான்டா! குருவி!" என்று வாசலிலிருந்து கத்தினாள். "அவளைக் கேக்காதே. எங்கிட்ட கேளு. எங்கிட்ட கேளுடா!"

அவன் தலையை லேசாகச் சாய்த்தான், பக்கத்து வீட்டில் ஏதோ சத்தம் என்பது போல.

"இன்னொரு தடவை காட்டு," என்றான்.

இன்னொருத்தி காட்டினாள். ஒண்ணாவது. ரெண்டாவது.

"ஒண்ணாவது கொஞ்சம் மங்கலா இருக்கு."

வாசலில் நின்றவள் தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகள் இல்லை. நகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கதவின் மரம் தெரிந்தது.

"அப்ப ரெண்டாவது?"

"ரெண்டாவதுதான்." அவன் குரலில் நிம்மதி. கடையின் பின்னறையில் எல்லோருக்கும் வருகிற அதே நிம்மதி. "தெளிவா இருக்கு."

"சந்தோஷம்," என்றாள் இன்னொருத்தி.

வந்தாள். கோபமாக வரவில்லை. வாசலில் நின்றவளை இரண்டு விரல்களால், விளிம்போடு, ரேகை படாமல் பிடித்துத் தூக்கினாள். தொழில் தெரிந்த கை. துளி வலி இல்லை.

பெட்டி திறந்திருந்தது. அவளுக்குக் கீழே வெல்வெட். குளிர். மேலே மூடி வந்தது. கத்தினாள். வெளிச்சம் ஒரு கோடாயிற்று. அந்தக் கோட்டின் வழியே கடைசியாகத் தெரிந்தது, ஒரு பெண்ணின் நீளமான முடியைக் கோதிக்கொடுக்கும் ஓர் ஆணின் கை.

அவள் உதைத்தாள். உதைக்க இடம் இல்லை. குழி அவளுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.