ஜாஸ்மியின் கைச்சிறகு

காயலில் காற்று எழும்பியதும் ஜாஸ்மி கரைக்கு ஓடினாள். இன்று எப்படியும் பறந்துவிட வேண்டும். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அம்மா, சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அண்ணன் எபினுக்குக் கோவாவில் வேலை. அங்கே வருபவர்களுக்குக் கடல் விளையாட்டுகள் கற்றுக்கொடுப்பான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு விங்கும் பலகையும் கொண்டுவந்திருந்தான். விங் என்பது காற்றடைத்த பெரிய சிறகு. அதைக் கையில் பிடித்தபடி பலகையில் நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் நீளமான ஒரு கால். அதன் நுனியில் இறக்கை போன்ற உலோகத் தகடு. வேகம் பிடித்ததும் தகடு பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்.

அப்படித்தான் அண்ணன் சொன்னான். ஜாஸ்மியை இதுவரை அது தூக்கவில்லை. நிறையக் காயல் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

"கை கடுக்குதுண்ணே. பட்டம் மாதிரி கயிறு கட்டினதை வாங்கியிருக்கலாம்லா?"

"அது இழுத்தா லேசுல விடாது. நீ இலங்கையிலதான் போய் இறங்குவே. இதுன்னா கையை விட்டாப் போதும், வேகம் போயிரும், கேட்டியா? மணிக்கட்டுல வார் கட்டியிருக்குறதால விங்கும் பறந்து போகாது."

"ஆனா பாதிக் காயலை மறைக்குதே!"

"அதுதான் இதுக்க குறை. அப்பப்போ தூக்கிப் பாத்துக்கிடணும்."

எபின் கரையில் நின்று போனை உயர்த்திப் பிடித்தான். "மக்கா, நான் பாத்துட்டுதான் இருக்கேன்!" என்றது அம்மாவின் குரல்.

ஜாஸ்மி பலகையில் மண்டியிட்டு, மெல்ல எழுந்து நின்றாள். காற்று விங்கைத் தள்ளியது. பலகை தடதடவென்று ஓடியது. சட்டென்று அந்தச் சத்தமெல்லாம் நின்றுபோனது. கீழே பார்த்தாள். பலகை தண்ணீரைத் தொடவே இல்லை!

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அண்ணன் சொன்னது நினைவு வந்து, விங்கை உயர்த்திப் பார்த்தாள்.

நேர் எதிரே ஓர் அலுமினியப் பானை மிதந்தது. பக்கத்தில் ஒரு தலை! கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சிப்பி பொறுக்கும் பூங்கனியக்கா.

பலகையைத் திருப்ப ஜாஸ்மிக்கு இன்னும் தெரியாது. காலடியில் கூர்மையான தகடு. அவள் விங்கை விட்டாள். பலகையோடு பக்கவாட்டில் சாய்ந்து தொப்பென்று விழுந்தாள்.

"ஏட்டி! என் உயிரே போயிருக்கும்!" என்று கத்தினாள் பூங்கனி.

"அக்கா, அடி பட்டிச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. காலையிலேருந்து எடுத்த சிப்பிதான் போச்சு." அலையில் கவிழ்ந்த பானை காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

எபின் கரையிலிருந்து கூவினான். "நல்லாத்தானே போனே பிள்ளே! சீக்கிரம் ஏறு, அம்மாக்க நேரம் முடியப்போகுது!"

ஜாஸ்மி பலகையைப் பார்த்தாள். பானையையும் பார்த்தாள்.

"முதல்ல சிப்பி எடுக்கணும்ணே. நீயும் வா!"

மூன்று பேரும் முங்கி முங்கிச் சிப்பி பொறுக்கினார்கள். பானை நிறைந்தபோது அம்மாவின் இடைவேளை முடிந்திருந்தது. ஜாஸ்மிக்குக் கண் எரிந்தது. உப்புத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

"நாளைக்கு எந்தப் பக்கம் நிப்பீங்கக்கா?" என்று கேட்டாள்.

"பாலத்துப் பக்கம்."

"அப்போ நான் தென்னந்தோப்புப் பக்கம் போறேன். அண்ணன் வள்ளத்துல துடுப்புப் போட்டு முன்னால வரட்டும். விங் எனக்கு மறைக்கிறதை அவன் பாத்துச் சொல்லட்டும்."

"அப்போ போனை யாரு பிடிப்பா?" என்றான் எபின்.

"நான் பிடிக்கேன்," என்றாள் பூங்கனி.

மறுநாள் எபின் வள்ளத்திலிருந்து, "வழி தெளிவா இருக்கு, வா!" என்று கத்தினான். ஜாஸ்மி எழும்பினாள். தென்னைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கை கடுத்துத் தானாக விடும் வரைக்கும் பறந்தாள்.

மூச்சிரைக்கக் கரைக்கு வந்து, "அம்மா, பாத்தியா?" என்றாள்.

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க பாக்க? போன் முழுக்க அந்த அக்காக்க முகம்லா தெரிஞ்சுது!"

கேமராவைத் திருப்ப மறந்திருந்த பூங்கனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜாஸ்மியின் முகம் வாடிப்போனது.

"வாடாத மக்கா," என்றாள் அம்மா. "அந்த அக்காக்கு முதல்ல கண்ணு விரிஞ்சுது. பெறவு வாயி பொளந்துது. பெறவு 'எழும்பிட்டா, எழும்பிட்டா'ன்னு ஒரே கூப்பாடு. நீ பறந்ததை நான் அந்த முகத்துலயே பாத்துட்டேன்."