முதல் கவளம்

வியாழக்கிழமை என்றால் எஸ்தருக்குப் புது ஓட்டல். பதினோரு வருடமாக இதே கதைதான். பல் தேய்த்து, நாக்கில் வேறெதுவும் படாமல் வெறும் வயிற்றோடு கிளம்பி, சென்னையின் ஏதோ ஒரு அடுக்குமாடிக் கோபுரத்தில் அன்றைக்குத் திறக்கிற ஓட்டலுக்குப் போய் உட்கார்வாள். ஓட்டல் என்றால் ஒரே ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. அவள் சாப்பிட்டு எழுந்ததும் மூடிவிடுவார்கள். மறுபடி திறப்பதில்லை.

கடல் உள்ளே வந்து வயல்களை விழுங்கிய பிறகு, நகரத்தின் மூன்று கோடிப் பேருக்கும் சத்துக்கூழ்தான் சாப்பாடு. ஈரச் சுவரை நக்கியது போல இருக்கும். அதனால் நாக்குக்கு அடியில் நாவொட்டி என்ற சின்னப் பட்டையை ஒட்டிக்கொண்டு, வேண்டிய சுவைச்சில்லைச் செருகிக்கொண்டு விழுங்குவார்கள். இன்றைக்கு மைசூர் போண்டா, நாளைக்குச் செட்டிநாட்டு வறுவல். வயிற்றுக்குள் போவது என்னவோ அதே கூழ். அந்தச் சில்லில் ஏறுகிற சுவையை யாராவது ஒருவர் நிஜமாகச் சாப்பிட்டாக வேண்டுமல்லவா? அவர்களுக்குச் சுவைஞர் என்று பெயர். நகரத்தில் மொத்தம் நாற்பது பேர்; எஸ்தர் அவர்களில் ஒருத்தி.

இந்த வேலைக்குள் அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கல்யாணமான புதிதில், நிஜ ஓட்டல்கள் இன்னும் மிச்சமிருந்த காலத்தில், அவளும் அவள் கணவன் ஜெயசீலனும் புதிதாகத் திறந்த ஒரு கடையையும் விட்டுவைத்ததில்லை. அவன் சமையல்காரன். ஒவ்வொரு கடையிலும் முதல் வாய் வைத்ததும் இது சரியில்லை, அது சரியில்லை என்று குறை சொல்லுவான். அவள் அதையும் ரசித்துக்கொண்டு இரண்டாவது தட்டு வாங்குவாள். கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அவனுக்கு வேலை போயிற்று, அவளுக்கோ பைத்தியம் பிடித்தது போலாயிற்று. சுவைஞர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். புது ஓட்டலில் சாப்பிட வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போதுதான் அந்த ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். ஒரு சுவையைத் தலையிலிருந்து உருவித்தான் எடுக்க முடியும்; அதன் பிறகு எத்தனை சில்லு வேண்டுமானாலும் போடலாம். சில்லில் ஏறினால் சுவைஞரின் தலையிலிருந்து இறங்கிவிடும், திரும்பி வராது. அவரே அதன் சில்லை வாங்கிச் செருகிக்கொண்டாலும் பிரயோசனமில்லை. இதை வெளியில் யாரிடமும், கட்டிய கணவனிடம்கூட, மூச்சு விடக் கூடாது.

போனால் போகட்டும், ஒரு மசால் தோசைதானே என்றுதான் எஸ்தர் நினைத்தாள். அடுத்து ரசம் போயிற்று. பிறகு வெல்லம், நல்லெண்ணெய், முருங்கைக்காய், வறுத்த நிலக்கடலை. ஐந்நூறு ஓட்டல்கள் தாண்டியபோது பழகிய சுவை என்று நாக்கில் எதுவும் மிஞ்சவில்லை. விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தாள். ஆனால் புதுக் கடையின் கதவு திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதை விட அவளால் முடியவில்லை. வெட்கக்கேடான ஆசைதான். அதை அவள் யாரிடமும் மறுத்திருக்கமாட்டாள்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. சுவைஞர்களுக்கு வாரம் ஒரு கூடை நிஜச் சரக்கு கொடுப்பார்கள். அதை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலன் மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பான். வெந்தயத்தைக் கருகுகிற பதத்துக்கு வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுவான். வேறு எந்தச் சமையல்காரனும் அந்த வெந்தயத்தைக் குப்பையில்தான் கொட்டுவான். அந்தக் கசப்புக்குள் புளியும் கருவாடும் வந்து சேரும்போது எஸ்தருக்கு அழுகை வரும். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் சமைப்பதில்லை என்பதால்தான் அது பத்திரமாக இருந்தது.

போன தை மாதம் அவன் கேட்டான்.

"உங்க கம்பெனியில சமையலுக்கு ஆள் எடுக்கறாங்களாமே. எழுதிப் போடட்டுமா?"

"ஓட்டல் வேலை மட்டும் வேணாங்க."

"ஏன், என் சமையல் அவ்ளோ மட்டமா?"

"வேணாம்னா விடுங்களேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறென்ன சொல்ல முடியும்? ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிடுகிறவளுக்குத் தன் கைச் சமையல் இளக்காரமாகப் போய்விட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். மூன்று நாள் பேசவில்லை. அடுத்த மாதம், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிக் காலையில் கிளம்பிப் போக ஆரம்பித்தான்.

அந்த வியாழக்கிழமை ஓட்டல் வேளச்சேரியில், ஐம்பத்து மூன்றாவது மாடியில் இருந்தது. வழக்கம் போலக் கண்ணையும் மூக்கையும் மூடினார்கள். உணவின் பெயரைச் சுவைஞர் கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது, முதல் கவளம் வாய்க்குள் போகும்வரை மோந்தும் பார்க்கக் கூடாது. தெரிந்துவிட்டால் பதிவு கலங்கிவிடுமாம்.

"ரெடியாக்கா?" என்றான் பதிவு எடுக்கிற தினகர். அவள் தலையாட்டினாள். நாக்கில் சுவைவாங்கியை ஒட்டி, ஒரு கவளத்தை ஊட்டிவிட்டு, மூக்கை மூடியிருந்ததை எடுத்தான்.

முதலில் புளி வந்தது. பிறகு மொச்சையின் மாவு, கருவாட்டின் உப்பு. அதற்குப் பின்னால் கருகிய வெந்தயத்தின் கசப்பு எழுந்து வந்தபோது அது யார் கைக் குழம்பு என்று எஸ்தருக்குத் தெரிந்துவிட்டது.

பதிவுக்கு மொத்தம் ஏழு விநாடி. துப்பினாலும் பயனில்லை, நாக்கில் பட்டதுமே கருவி இழுக்க ஆரம்பித்துவிடும். அது தெரிந்ததால் அவள் துப்பவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, மெல்லாமல், விழுங்காமல் அப்படியே வைத்திருந்தாள். உப்பு போயிற்று. புளி போயிற்று. கசப்பு மட்டும் கொஞ்சம் தங்கி நின்றது. அதுவும் போனபின் வாயில் ஏதோ ஈரமாக, சூடாக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

கண்ணை அவிழ்த்தபோது சமையலறைக் கதவருகே ஜெயசீலன் வெள்ளைத் தொப்பியோடு நின்றிருந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று.

"உனக்குத் தெரியாமதான் சேந்தேன். உன்னைய ஒரு நாளாவது ஓட்டல்ல உக்கார வச்சு என் கையால போடணும்னு ஆசை. எப்படி இருக்கு?"

எஸ்தரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவன் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டான். புரிந்துகொள்ளட்டும் என்று விட்டாள்.

"நல்லாருக்குங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் சில்லு வெளியே வந்தது. ஊரே அதைத்தான் செருகிக்கொண்டது. லிஃப்டில், ரயிலில், வரிசையில் நிற்கிறவர்கள் வாயில் எல்லாம் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர் வீட்டுப் பிரவீணா வாசலில் வந்து நின்றாள். பதினைந்து வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கூழைத் தவிர எதையும் கண்டதில்லை.

"அக்கா, நேத்து மூணு வேளையும் அண்ணன் குழம்புதான். உங்களுக்கென்ன, வீட்லயே நிஜமாக் கிடைக்குது. குடுத்து வச்சவங்க."

எஸ்தர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"பிரவீணா, எனக்கு அதைச் சொல்லேன். வாயில வச்சதும் என்ன வருது?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"மொதல்ல என்ன, அப்புறம் என்னன்னு நிதானமாச் சொல்லு. அந்தக் கசப்பு எப்ப வருது? வந்தா எப்படி இருக்கு?"

பிரவீணா யோசித்துப் பார்த்தாள்.

"எப்படிச் சொல்றது... நல்லாருக்குக்கா. அவ்ளோதான்."

"இன்னும் கொஞ்சம் சொல்லும்மா" என்று எஸ்தர் கெஞ்சினாள்.

அடுப்பங்கரையிலிருந்து குழம்புச் சட்டியோடு வந்த ஜெயசீலன் அங்கேயே நின்றுவிட்டான். பிரவீணா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

"எப்பத்துலேருந்து உனக்கு ருசி தெரியல?" என்று கேட்டான்.

"அன்னிக்கு ஓட்டல்லேருந்து."

"போன வாரம் புளி தூக்கலா இருக்குன்னியே?"

"சும்மா சொன்னேன்."

"மத்ததெல்லாம்?"

"சில்லுல ஏறுனதெல்லாம் எப்பவோ என்னை விட்டுப் போயிருச்சுங்க. இது ஒண்ணைத்தான் வச்சிருந்தேன்."

அவன் சட்டியை மேசைமேல் வைத்தான். பிறகு, "அதுக்குத்தான் ஓட்டல் வேலை வேணாம்னியா?" என்றான். அவள் தலையாட்டினாள்.

தட்டில் சோறு போட்டிருந்தது. ஜெயசீலன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பை ஊற்றினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.