செத்த மீன்களும் ஒரு பேன் பொடியும்

"பொடியில என்ன கலக்கோம்னு பாக்கெட்ல அச்சடிங்க அண்ணாச்சி!"

கம்பெனியே உறைந்தது. மூட்டை கட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன.

'கருங்குழலி மூலிகைப் பேன் பொடி' கம்பெனியில் கேட்கவே கூடாத ஒன்று அது! சேர்ந்த அன்றே மானேஜர் எச்சரித்திருந்தார். லீவு கேள்... லோன் கேள்... இதை மட்டும் கேட்காதே!

கேட்டவள் தேன்மொழி, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சீவலப்பேரியில் நாற்று நடும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். கோபம் மூக்கு நுனியில்!

முதலாளி செந்தூர்பாண்டி வெற்றிலையைத் துப்பினார்.

"ஏட்டி, 'மூலிகை'ன்னு போட்டிருக்குல்லா?"

"மூலிகை பேருக்கு ஒரு பிடி. மிச்சம் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து! சின்னப் பிள்ளைய தலையில தேய்க்காவ அண்ணாச்சி!"

"பேன் சாவுதுல்லா? பொறவென்ன?"

அப்போது...

கம்பெனிக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமிருந்து ஓர் அலறல்!

ஓடினார்கள். படித்துறை முழுக்க மீன்கள்... வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன!

செந்தூர்பாண்டி பதறினார். வெள்ளிதோறும் அந்த மீன்களுக்குப் பொரி போடுகிறவர் அவர்.

"எவன்லே விஷம் வச்சது? போட்டிக் கம்பெனிக்காரன்தான்!"

போலீசுக்கு அவரே போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அசன் மைதீன் ஏட்டையாவோடு ஜீப்பிலிருந்து குதித்தார்.

"காலையில ஆத்துப் பக்கம் யாரு வந்தது?"

"நான் மட்டுந்தான் சார்! புதுச் சரக்கு அரைச்சா முதல் மூட்டை ஆத்தாளுக்கு. எங்கப்பா காலத்துப் பழக்கம். சூடம் கொளுத்தி, எங்கையாலயே ஆத்துல கொட்டுனேன்..."

செந்தூர்பாண்டியின் குரல் இறங்கியது... நின்றது.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. சிரிப்பு!

"அண்ணாச்சி... கொலையவும் பண்ணிட்டு, போனையும் நீங்களே போட்டிருக்கீய!"

செந்தூர்பாண்டி அவர் காதருகே குனிந்தார்.

"நீங்க நம்ம ஆளு சார். மாசாமாசம் வீட்டுக்கு ஒரு பெட்டி பொடி அனுப்புதம்லா? பாத்து முடிங்க."

சிரிப்பு பட்டென்று செத்தது.

"அந்தப் பொடியா இது?"

"அதேதான் சார்" என்றாள் தேன்மொழி.

"யா அல்லா! நேத்துதான் எம்மவ சபீதா தலையில அள்ளி அள்ளித் தேச்சோம்!"

கம்பெனிக்குள் பாய்ந்து, போனில் மனைவியைப் பிடித்தார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"ஏளா! பிள்ளைக்கு எப்படி இருக்கு?... கட்டம் போட்டுப் பாண்டி விளையாடுதாளா? சரி, தலைய நல்லா அலசு! இப்பவே!... ஆத்துல இல்லளா, வீட்ல!"

ரிசீவரை வைத்துவிட்டுக் கத்தினார்.

"ஏட்டையா! குடோனைப் பூட்டும்வே!"

செந்தூர்பாண்டி தேன்மொழி பக்கம் ஓடினார்.

"தாயி தேன்மொழி... வெயில்ல மீன் செத்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளையிலருந்து நீதான் மானேஜர்!"

மானேஜர் நாற்காலி! வீட்டு அடுப்பு கண்ணில் வந்து போனது... ஒரு விநாடி.

போட்டிருந்த கம்பெனியின் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மேஜைமேல் வைத்தாள். அண்ணாச்சி மறுத்தால் என்ன செய்வது என்று காலையில் பஸ் ஏறும்போதே முடிவெடுத்திருந்தாள்!

"எங்கட்டி போற?"

"மீனைப் படம் எடுக்க ஒரு பேப்பர்காரர் வந்திருக்காரு. பொடியில என்ன இருக்குன்னு சொல்லப் போறேன்."

"ஏட்டி... நில்லு!"

நிற்கவில்லை. வாசலைத் தாண்டியபடியே குரல் கொடுத்தாள்.

"நீங்க அச்சடிக்காட்டா என்ன அண்ணாச்சி? அவரு கொட்டை எழுத்துல அச்சடிப்பாரு... உங்களுக்கு மைச் செலவு மிச்சம்!"