தூங்கவைத்த எஞ்சின்

மாலை 4.10. ஹவானாவில் ஒரு வீட்டு முற்றத்தில் மிக்தாலியா காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். எட்டு வயது மகள் யானெத்தின் வலிப்பு மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்று மணிக்கு நிறைந்திருந்த டப்பா. ஆறு மணிக்கு அடுத்த வேளை கொடுத்தாக வேண்டும். மருந்துக்கடையிலோ நாலு மாதமாகக் கையை விரிக்கிறார்கள்.

போலீஸ் லெப்டினன்ட் தயாமி விசாரித்தாள். மூன்றிலிருந்து மூன்றரை வரை மிக்தாலியா மகளோடு மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருக்கிறாள். கீழே இருந்தது இரண்டே பேர். வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் இதானியா. முற்றத்தில் தன் பழைய செவர்லே காரைக் குடைந்துகொண்டிருந்த பக்கத்துப் போர்ஷன் ஓஸ்மெல். அக்கம்பக்கம் மொத்தமும் நர்ஸைத்தான் கைகாட்டியது. மருந்தின் அருமை தெரிந்தவள் அவள்தானாம். பாவம், இதானியா தன் பையைத் தானே கொட்டிக் காட்டினாள். வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கு.

ஓஸ்மெல் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் செட் பண்ணிட்டிருந்தேன், லெப்டினன்ட் அம்மா. அரை மணி நேரம் ஸ்க்ரூவுல இருந்து கையே எடுக்கல. எஞ்சின் சத்தம் மாடிக்கே கேட்டிருக்கும். அவங்களையே கேளுங்க."

"கேட்டுச்சு," என்றாள் மிக்தாலியா. "ஒரே சீரா ஓடிட்டே இருந்துச்சு. புள்ள அதுலயே தூங்கிப்போச்சு."

தயாமி டாக்ஸிக்காரர் மகள். அந்தப் பதில் அவளுக்கு இடித்தது.

4.35. எஞ்சினை ஓடவிட்டு, செட் பண்ணிக் காட்டச் சொன்னாள். மிக்தாலியாவின் தோளில் யானெத் கண்சொக்கிக் கிடந்தாள். ஓஸ்மெல் ஸ்க்ரூவை உள்ளே திருகினான். எஞ்சின் விக்கியது, உதறியது, நிற்கப்போனது. வெளியே திருகினான். சட்டென்று ஏறியது. மறுபடி உள்ளே. குழந்தை திடுக்கிட்டு அழுதது.

"போதும், நிறுத்து," என்றாள் தயாமி. "கை வச்சா சத்தம் ஏறும், இறங்கும். அப்படித்தான் காதால கேட்டு செட் பண்ணணும். அரை மணி நேரமா சீரா ஓடின வண்டியில எவன் கையும் இல்ல. ஓடவிட்டுட்டு எங்க போன?"

ஓஸ்மெலின் கண் காரின் பின்சீட்டுக்குப் போனது. அதற்கு அடியில் மாத்திரைகள் இருந்தன. மாத்திரைகளுக்கு மாற்றாகப் புது கார்புரேட்டர் தருவதாக எவனோ ஆசை காட்டியிருக்கிறான்.

ஆறு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தது இதானியாதான். கைகாட்டியவர்கள் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓஸ்மெலை வாசலுக்குக் கூட்டிப்போனபோது மிக்தாலியா வழிமறித்தாள்.

"எம்புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல. உன் வண்டிச் சத்தத்துல தூங்குச்சேன்னு, மாடியில நின்னு உன்னை வாழ்த்தினேன்டா," என்றாள்.