வேப்பங்குச்சி மூக்குத்தி

கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தது அந்த மூக்குத்தி.

"மூகுத்தி தெகீரி மேடம்! அதோட உள்ளே விட மாட்டாங்க" என்று கன்னடமும் தமிழுமாய் அதட்டிவிட்டுப் போனாள் ஸ்கேன் சென்டர் நர்ஸ் கேரல். அம்ருதா கண்ணாடி முன் நின்று திருகாணியோடு மல்லுக்கட்டினாள். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு... வெளியே அல்சூர் முழுக்க மழை.

"மேடம்... உங்களுக்கு அடுத்தது நான். கொஞ்சம் சீக்கிரம் ஆகுமா?"

திரும்பினாள். நனைந்த தலைமுடியோடு ஒருவன். சிரிக்கிற கண்கள். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"அவ்ளோ அவசரம்னா நீங்களே வந்து கழட்டுங்களேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் காது வரைக்கும் சிவந்துபோனான்.

"நான் கழட்டினா தர்ம அடி விழும்ங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கை இளக, மூக்குத்தியும் கழன்று வந்தது. ஆனால் அதை யாரிடம் கொடுப்பது? நகைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சுவரில் போர்டு. எல்லோருக்கும் துணையாக யாராவது வந்திருந்தார்கள். அவள் மட்டும் தனி. ஜோகுபாளையம் வீட்டில் அம்மா, மகள் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கொஞ்சம்... வச்சிருக்கீங்களா?"

அவள் ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது அவன் வாசலோர நாற்காலியில், மூடிய கையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆனால் மூக்கு வீங்கி, மூக்குத்தி உள்ளே போகவில்லை. 'வீக்கம் வடிவதற்குள் துவாரம் மூடிவிட்டால் அம்மா கேட்பாளே...' அவள் தவிப்பதைப் பார்த்தவன் மழையில் இறங்கி ஓடினான். கேட் ஓரத்து வேப்பமரத்திலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை ஒடித்து, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினான்.

"எங்க அக்காவுக்கு மூக்கு குத்தினப்ப இதைத்தான் வச்சாங்க. துவாரம் மூடாது."

குடியாத்தத்துக்காரன். பெயர் ஹரிஷ்குமார்.

"உங்களுக்கு என்ன?" என்றாள், குச்சியைச் செருகியபடி.

"மண்டைக்குள்ள ஒரு நீர்க்கட்டி. அரக்னாய்டு சிஸ்டாம். பொறந்ததுலேர்ந்தே இருக்கு, பைக்ல விழுந்து ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. பெங்களூர்ல அட்வான்ஸ் இல்லாம, வாடகை இல்லாம குடியிருக்கறது அது ஒண்ணுதான்! தொந்தரவு பண்ணாத வரைக்கும் காலி பண்ண வேணாம்னுட்டார் டாக்டர்."

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அதேதான்... முதுகுத்தண்டுல. என்னோடது தொந்தரவு பண்ணுது. இடது பாதத்துல உணர்ச்சியே இல்ல."

வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அல்சூர் ஏரிக்கரையில் எத்தனையோ மாலைகள். அவள் கால் இழுக்கும்போது அவனும் நடையைக் குறைத்துக்கொள்வான், எதுவும் கேட்காமல். கட்டியைப் பற்றிச் சொன்னதால் தன் நிச்சயதார்த்தம் நின்றுபோனதை ஒருநாள் சொன்னான்.

"மறைச்சிருக்கலாமே?"

"ஒருநாள் மறைச்சா தினமும் மறைக்கணும்ங்க..."

'கட்டிக்கிறியான்னு இவனாவது கேட்க மாட்டானா...' என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் சிவாஜிநகரிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"கால் இழுக்கறதைச் சுளுக்குன்னு சொல்லிடு கண்ணு" என்று அழுதாள், அதற்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டிருந்த அம்மா ராஜலக்ஷ்மி. "தெரிஞ்சா யார் கட்டிப்பாங்க? ஆபரேஷன் எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மாவின் அழுகைக்கு அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டுப்புடவை, காபித் தட்டு. கொடுக்கும்போது ஒரு டம்ளர் சாய்ந்து, கொதிக்கிற காபி அவள் இடது பாதத்தில் கொட்டியது. அம்ருதா அசையவில்லை. சிரித்த முகமாகவே அடுத்த டம்ளரை நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் பாதத்தைப் பார்த்தாள்... அது சிவந்து பொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உனக்குச் சுடலையா?"

அம்ருதா அப்போதுதான் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். அவர்கள் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

அவள் அனுப்பிய மெசேஜில் விஷயம் தெரிந்து மறுநாள் ஹரிஷ் போன் செய்தான். "அம்ருதா, நான் உங்களை..."

"வேண்டாம் ஹரிஷ். இத்தனை நாள் இல்லாம, அவங்க எழுந்து போன மறுநாள் சொல்றீங்க. பாவம் பாத்து வர்ற ஆள் எனக்கு வேண்டாம்."

போனை வைத்துவிட்டு, தலையணை நனைய அழுதாள்.

கால் மேலும் தளர்ந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். இனி மோசமாகாமல் தடுக்கலாம், போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் தியேட்டர் வாசல். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மூக்குத்தியைக் கழற்றினாள். அம்மா வாங்கிக்கொள்ள உள்ளங்கையை விரித்தாள். அப்போதுதான் அம்மாவுக்குப் பின்னால், தூணோரம் அவனைப் பார்த்தாள். சிரிக்காத கண்கள். கையில் ஒரு வேப்பங்குச்சி.

"பாவம் பாத்து வரலைங்க" என்றான் கிட்டே வந்து. "என் தலையில இருக்கறதுக்கு நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயந்துதான் அன்னிக்கெல்லாம் கேக்கலை. ஏரிக்கரையிலயே கேட்டிருக்கணும்... எனக்கு உங்களை அவ்ளோ பிடிக்கும்."

அம்மாவின் கை விரிந்தபடியே இருந்தது. அம்ருதா மூக்குத்தியை அவன் கையில் வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காதீங்க. அது என்னோடது... நீங்களும்தான்."

ராஜலக்ஷ்மி மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோங்க, தம்பி."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். போர்வைக்கு மேலே அவள் இடது பாதத்தை அவன் பற்றியிருப்பதை அம்ருதா பார்த்தாள். கண் பார்த்ததே தவிர, பாதத்துக்குத் தெரியவில்லை.

"ஹரிஷ்... அந்தக் கால் இல்ல" என்றாள். கண்ணீர் காதோரம் வழிந்தது. "வலது காலைப் பிடிங்க. நீங்க பிடிச்சிருக்கறது எனக்குத் தெரியணும்..."